ஒரு தெருவின் நல்ல தண்ணீர்

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. மாசி மாதக் கடைசி. திண்டுக்கல்லில் வெயில் அப்போதே சித்திரை மாதிரி காய ஆரம்பித்திருந்தது. நான் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. பிளஸ் டூ செய்முறைத் தேர்வு அன்றோடு முடிந்ததால் மத்தியானமே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன். மாரியம்மன் கோயில் திருவிழாக் கூட்டத்தில் மெயின் ரோட்டில் வண்டி நகரவில்லை. பொறுமை என்பது எனக்கு வாய்க்காத ஒன்று. குறுக்கே ஒரு சின்னத் தெருவுக்குள் வண்டியை விட்டேன்.

தெருவில் பாதியைக் குடங்கள் அடைத்திருந்தன. அன்று அவர்களுக்கு நல்ல தண்ணி வரும் நாள். எங்கள் ஊரில் நல்ல தண்ணி என்றால் ஆத்தூர் பக்கத்து அணையிலிருந்து குழாயில் வரும் குடிதண்ணீர். வாரத்துக்கு ஒரு தடவை வரும், சில சமயம் அதுவும் தள்ளிப்போகும். மற்றதெல்லாம் ஆழ்துளைக் கிணற்றுப் போர் தண்ணி. அது வாயில் வைக்க முடியாத உப்பு. அந்த உப்பு படிந்து தரை, பாத்ரூம், குழாய் எல்லாம் வெள்ளை வெள்ளையாகத் திட்டுப் பிடித்துவிடும். அதனாலேயே எங்கள் ஊரில் ஆசிட் விற்பவருக்கு நல்ல வியாபாரம். தெருவின் மீதிப் பாதியை அப்படி ஒரு ஆசிட்காரரின் லோடு ஆட்டோதான் அடைத்துக்கொண்டு நின்றது.

இரண்டுக்கும் நடுவில் நுழைந்துவிடலாம் என்று நினைத்தேன். முன் சக்கரம் ஒரு குடத்தில் முட்டியது. நிறைந்த குடம். அது சாய்ந்து, அவ்வளவு தண்ணீரும் ரோட்டில் ஓடியது.

நைட்டிக்கு மேல் துண்டு போட்டிருந்த ஒரு பெண் ஓடிவந்தார். “ஏம்மா, கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு? காலையிலருந்து நின்னு பிடிச்ச தண்ணிம்மா!”

நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். ஆனால் வெயில், பசி, காலையிலிருந்து மாணவிகள் உடைத்த பிப்பெட்டுகள். “ரோட்டுல குடத்த வரிசையா வச்சா வண்டி எங்கிட்டுப் போறது?” என்று நானும் எகிறினேன். சண்டை போட வசதியாக ஹெல்மெட்டைக் கழற்றி வண்டியில் மாட்டினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கண்ணாடி வைத்த ஹெல்மெட் அது. கழற்றாமல் இருந்திருந்தால் இதை எழுத வேண்டிய தேவையே இருந்திருக்காது.

எங்கள் சண்டை அவ்வளவு விசேஷமாக ஒன்றும் இல்லை. செத்த நேரத்தில் அது தானாகவே ஓய்ந்தது. ஆசிட்காரர் நகர்ந்தால்தான் வண்டி போகும். அவரோ வேறொரு சண்டையில் மாட்டிக்கொண்டிருந்தார்.

“போன தடவ நீ குடுத்தது வெறும் தண்ணி. ஊத்துனா பொங்கவே மாட்டேங்குது. பாத்ரூம்ல படிஞ்சது படிஞ்சபடியே கெடக்கு” என்று ஒரு அம்மா அவரைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டிருந்தார்.

எங்கள் ஊரில் ஆசிட் வாங்குகிறவர்கள் யாரும் பாட்டிலில் ஒட்டியிருக்கும் காகிதத்தைப் படிப்பதில்லை. வாசல் சிமெண்டில் இரண்டு சொட்டு விடச் சொல்லிப் பார்ப்பார்கள். சர்ரென்று நுரைத்துப் பொங்கினால் நல்ல ஆசிட். சோம்பலாக நாலு குமிழி விட்டால் தண்ணீர் கலந்தது. அவ்வளவுதான் பரிசோதனை. எனக்கு இதில் எப்போதும் ஒரு சந்தோஷம் உண்டு. அமிலத்தின் செறிவு கூடினால் வினையின் வேகம் கூடும் என்று ஒரு பாடம் இருக்கிறது. சலவைக்கல் துண்டுகளை இரண்டு சோதனைக் குழாயில் போட்டு, ஒன்றில் நீர்த்த அமிலமும் இன்னொன்றில் கொஞ்சம் அடர்ந்த அமிலமும் விட்டு, குமிழி வரும் வேகத்தைப் பார்க்கச் சொல்வேன். ஒரு சொட்டில் அமிலத் துகள்கள் நெருக்கமாக இருந்தால் கல்லின் மேல் அதிகம் மோதும், அதனால் வினை வேகமாக நடக்கும். குழாயடியில் ஆள் கூடக்கூட முட்டல் மோதல் கூடுகிறது இல்லையா, அதுபோல என்பேன். வகுப்பு சிரிக்கும்.

ஆசிட்காரர் கையிலிருந்த பாட்டிலிலிருந்து சிமெண்டில் கொஞ்சம் விட்டார். சோம்பலான குமிழிகள்தான் வந்தன. அந்த அம்மா ‘பாத்தியா’ என்பதுபோல் இடுப்பில் கை வைத்தார். ஆசிட்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. “இருங்கக்கா, ஒரிஜினல காட்டுறேன்” என்று ஆட்டோவின் பின்னாலிருந்து மூடி திறக்காத ஒரு வெள்ளைக் கேனை இழுத்தார். தண்ணீர் சேர்க்காத ஆசிட். காலையிலிருந்து வெயிலில் கிடந்து, உள்ளே ஆவி சேர்ந்து கேன் உப்பியிருந்தது.

உப்பிய கேனைப் பார்த்ததுமே நான் தள்ளிப்போயிருக்க வேண்டும். எனக்கோ அது எவ்வளவு வேகமாகப் பொங்குகிறது என்று பார்க்கிற ஆசை. குனிந்தேன். அவர் மூடியைத் திருகினார். உஸ்ஸென்று ஒரு சத்தம். மூடி எகிறியது, அவர் பதறிக் கையை உதறினார், கேன் குலுங்கியது. என் முகத்தின் வலது பக்கத்தில் ஏதோ சுளீரென்று விழுந்தது.

முதலில் குளிர்ச்சியாகத்தான் இருந்தது. அடுத்த நொடி மிளகாய்ப் பொடியைக் கண்ணில் வைத்துத் தேய்த்த மாதிரி எரிந்தது. இரண்டு கண்ணும் தானாக மூடிக்கொண்டன. நெடியில் மூச்சு முட்டியது. பயந்தேன் என்று சொன்னால் போதாது. வலது கண் போய்விட்டது என்றே நினைத்தேன்.

சுற்றிலும் கூச்சல். “ஆத்தாடி, ஆசிட் அடிச்சிருச்சு!” யாரோ துண்டால் துடைக்க வந்தார்கள். யாரோ மோர் கொண்டுவரச் சொன்னார்கள். யாரோ தேங்காய் எண்ணெய் என்றார்கள். ஆசிட்காரர் அழுகிற குரலில், “சோடா மாவு வச்சிருக்கேன்க்கா, போட்டா அமுங்கிரும்” என்றார்.

அமிலத்தைச் சோடா மாவு முறிக்கும்தான். தரையில் கொட்டினால் நானே போடச் சொல்வேன். ஆனால் கண்ணுக்குள் அந்த வினை நடந்தால் சூடு கிளம்பும், நுரை வரும், இன்னும் புண்ணாகும். துடைத்தால் படாத இடத்திலும் படும். அந்த எரிச்சலிலும் இது மட்டும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. “எதுவும் போடாதீங்க! தண்ணி! தண்ணி மட்டும் ஊத்துங்க, நிறுத்தாம ஊத்துங்க!” என்று கத்தினேன்.

ஒரு கை என் பிடரியைப் பிடித்து அழுத்தி, ஒரு வீட்டு வாசற்படியில் உட்கார வைத்தது. “தலைய இப்பிடிச் சாச்சுக்கங்க. ஏண்டி, பாத்துக்கிட்டு நிக்கிறீங்க, குடத்தத் தூக்குங்கடி!” குரலைக் கேட்டதும் தெரிந்துவிட்டது. சற்றுமுன் என் கண் பிடரியில் இருக்கிறதா என்று கேட்டவர்தான்.

தண்ணீர் விழுந்தது. என் வாழ்நாளில் அப்படி ஒரு சுகத்தை நான் அனுபவித்ததில்லை. அவர் தன் விரலால் என் இமையைப் பிரித்துப் பிடித்தார். “தொறங்க, தொறங்க, வலிக்கத்தான் செய்யும், தொறங்க.” மூக்குப் பக்கமிருந்து வெளிப்பக்கமாக ஓடும்படி ஊற்றச் சொன்னேன். இல்லையென்றால் அடுத்த கண்ணுக்கும் போய்விடும். குடத்தால் ஊற்றினால் வேகமாக விழுகிறதென்று யாரோ சொம்பு கொண்டுவந்தார்கள். பக்கத்தில் ஆசிட்காரரின் கையிலும் ஒருவர் ஊற்றிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. ஒரு குடம் காலியாகி உருளும் சத்தம், அடுத்த குடம் நகரும் சத்தம். கழுத்தில் கிடந்த அடையாள அட்டையை யாரோ பார்த்திருக்க வேண்டும். “டீச்சராம்டி” என்று ஒரு குரல் சொன்னது. அதற்குப் பிறகு எல்லோருக்கும் நான் டீச்சர்.

தண்ணீர் அமிலத்தை அழித்துவிடுவதில்லை. அதை நீர்க்கச் செய்து, நெருக்கத்தைக் குறைத்து, ஓட்டிக்கொண்டு போகிறது. செறிவு குறையக் குறைய அது கண்ணைத் தின்னும் வேகமும் குறையும். ஆனால் இமை மடிப்புக்குள் கொஞ்சம் தங்கியிருக்கும். எரிச்சல் குறைந்ததும் நிறுத்திவிட்டால் அது தன் வேலையைத் தொடரும். இருபது நிமிஷமாவது விடாமல் கழுவ வேண்டும் என்று ஆய்வகச் சுவரில் எழுதி ஒட்டியிருப்பதே நான்தான். அங்கே குழாயைத் திறந்துவிட்டால் போதும், தண்ணீர் பாட்டுக்கு வரும். இங்கே ஒவ்வொரு சொம்பும் யாரோ ஒருவர் வீட்டில் ஒரு வாரம் குடிக்க வைத்திருந்தது.

கண் மூடியிருக்கும்போது காது கூர்மையாகிவிடுகிறது. குழாயிலிருந்து ஒல்லியாக விழுந்துகொண்டிருந்த தண்ணீர்ச் சத்தம் நின்றுபோனதை நான் கேட்டேன்.

“தண்ணி நின்னு போச்சு” என்றார் ஒருவர்.

இனிமேல் நிரம்பிய குடங்களில் இருப்பது மட்டும்தான் என்று அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சொம்பும் ஒரு நிமிஷம் நின்றது.

“போர் தண்ணி ஊத்துங்க. அது போதும்” என்றேன்.

“இன்னைக்குக் கரண்டு கட்டு டீச்சர். மேல தொட்டியில சொட்டுத் தண்ணி இல்ல.” பிறகு அதே குரல் தயங்கிக் கேட்டது. “இப்ப பரவாயில்லையா? போதுமா?”

என் வாழ்க்கையில் இவ்வளவு கஷ்டமான கேள்விக்கு நான் பதில் சொன்னதில்லை. போதும் என்று சொல்லத்தான் நாக்கு வந்தது. எரிச்சல் குறைந்துதான் இருந்தது. ஒரு குடத்தை ஏற்கெனவே கவிழ்த்துவிட்டு, அதற்குச் சண்டையும் போட்டவள் நான். ஆனால் இப்போது போதும் என்றால் கண் போகலாம். இன்னும் என்றால் இவர்கள் பிள்ளைகள் எதைக் குடிப்பார்கள்? வாய்விட்டு அழுதுவிட்டேன். அழுதுகொண்டே, “இன்னும் கொஞ்ச நேரம் ஊத்தணும்” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. திரும்ப ஒருமுறை சொன்னேன்.

“அதுக்கு எதுக்கு அழுகுறீங்க? இந்தா ஊத்துறோம்ல” என்றார் பிடரியைப் பிடித்திருந்தவர். சொம்பு மறுபடி விழ ஆரம்பித்தது.

வரிசையிலிருந்த குடங்கள் தீர்ந்தன. அதன் பிறகு ஒரு கொலுசுச் சத்தம் தெருவைத் தாண்டிப் போய், ஒரு கதவு திறந்து, கனமான நடையோடு திரும்பி வந்தது. ஏற்கெனவே பிடித்து, வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்த குடத்தையே ஒருவர் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். யாரும் அவரைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நிச்சயம் என் காதில் விழுந்திருக்கும். அவர் ஒரு வார்த்தையும் பேசாமல் குடத்தை என் பக்கத்தில் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டார்.

அதற்குள் சிலர் ஆசிட்காரர் மேல் பாய ஆரம்பித்திருந்தார்கள். “அவர விடுங்க, வண்டிய எடுக்கச் சொல்லுங்க” என்றேன். கேன்களை இறக்கிவைத்துவிட்டு, அதே லோடு ஆட்டோவில் என்னை ஏற்றினார்கள். நைட்டிக்காரரும் மீதியிருந்த குடத்தோடு ஏறி, என் தலையை மடியில் சாய்த்துக்கொண்டார். பதற்றத்தில் வண்டி சந்து சந்தாகப் பறந்தது. “ஏலே, மெதுவா போ, தண்ணி தளும்புது!” என்று அவர் முன்னால் பார்த்துக் கத்துவதும், என் கண்ணில் சொம்பால் ஊற்றுவதுமாக கண் ஆஸ்பத்திரி வரை வந்தார். அவர் மடி முழுக்க நனைந்திருந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் என்னை நர்ஸ் கையில் ஒப்படைத்ததும், “நான் வாரேன் டீச்சர். குழாயில திரும்பத் தண்ணி விட்டாலும் விடுவான்” என்றார். நான் நன்றி சொல்வதற்குள் திரும்பி நடந்துவிட்டார். இடது கண்ணின் இடுக்கில், இடுப்பில் வைத்த ஒரு பச்சைக் குடம் கூட்டத்துக்குள் போவது மட்டும் தெரிந்தது.

டாக்டர் ஒரு சின்னத் தாளைக் கண்ணின் ஓரத்தில் வைத்து அமிலம் மிச்சம் இருக்கிறதா என்று சோதித்தார். மறுபடியும் கழுவினார். விளக்கடித்து வெகுநேரம் பார்த்தார். கருவிழியின் மேல்தோல் கொஞ்சம் வெந்திருக்கிறது, ஆறிவிடும் என்றார். என் கணவர் அப்போதுதான் மூச்சிரைக்க வந்து சேர்ந்திருந்தார். அவரிடம் டாக்டர் சொன்னதை நான் கேட்டுக்கொண்டிருந்தேன். “வந்தப்புறம் நாங்க பாத்தது கொஞ்சம்தான் சார். வேலை தெருவுலயே முடிஞ்சிருச்சு. பாதியில நிறுத்தியிருந்தாங்கன்னா நான் இப்படிப் பேச மாட்டேன்.”

கட்டுப் பிரித்து, சொட்டு மருந்துக் காலம் முடிந்து, பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு ஒரு சனிக்கிழமை அந்தத் தெருவுக்குப் போனேன். சிறுமலை வாழைப்பழம் ஒரு தார் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். என் கணவர் தண்ணீர் கேன்களும் வாங்கிப் போகச் சொன்னார். அது ஏனோ எனக்குக் கூச்சமாக இருந்தது. அந்தத் தண்ணீரைத் திருப்பிக் கொடுக்க முடியும் என்று நான் நினைப்பதாக அவர்கள் எடுத்துக்கொண்டால் என்ன செய்வது?

யாரைத் தேடுவது என்பதுதான் அடுத்த குழப்பம். எனக்குத் தெரிந்ததெல்லாம் குரல்கள்தான். நல்லவேளை, அந்தத் தெருவில் குரலுக்குப் பஞ்சமில்லை. தெருமுனையில் நின்று, “இங்க ஆசிட் பட்ட டீச்சருக்குத் தண்ணி ஊத்துனது...” என்று ஆரம்பித்ததுமே மூன்று வீட்டிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன.

நைட்டிக்காரர் அன்று சேலை கட்டியிருந்தார். நேராக வந்து, எதுவும் கேட்காமல் என் மோவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். இடது கண்ணைத் தன் கையால் பொத்தினார். “தெரியுதா? என் மொகம் தெரியுதா?”

“நல்லாத் தெரியுது” என்றேன். உருண்டை முகம், மூக்குத்தி, முன்பல்லில் ஒரு சின்ன இடைவெளி. அவரும் சிரித்தார், நானும் சிரித்தேன், எனக்குக் கண்ணீரும் வந்தது.

பழத்தைச் சீப்புச் சீப்பாக அறுத்து வீட்டுக்கு வீடு கொடுத்தார்கள். வீட்டுக்குள்ளிருந்து குடத்தைத் தூக்கி வந்தது யார் என்று கேட்டேன். ஒவ்வொருவரும் அடுத்தவரைக் காட்டினார்கள். கொலுசுக் கால் எது என்று குனிந்து பார்க்கலாமா என்றுகூட நினைத்தேன். பாதிப் பேர் கொலுசு போட்டிருந்தார்கள்.

“அந்த வாரம் குடிக்கத் தண்ணிக்கு என்ன பண்ணுனீங்க?” என்று கேட்டேன். இதைக் கேட்கத்தான் நான் போனதே.

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் ஒருவர் சிரிக்க, எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள்.

“குடிக்க மட்டும் அங்கிட்டு இங்கிட்டு அலைஞ்சு வாங்கிட்டோம் டீச்சர். சோறு, வெஞ்சனம் அம்புட்டும் போர் தண்ணியிலதான். சோறு மஞ்சளா வந்துச்சு.”

“பருப்பு இருக்கே, அது எம்புட்டு நேரம் கொதிச்சாலும் வேகவே இல்ல. எங்க வீட்டுக்காரரு, ‘என்னடி, கல்லப் போட்டு கொழம்பு வச்சிருக்க’ன்னு தட்டத் தள்ளிட்டாரு. தண்ணியெல்லாம் எங்கன்னு கேட்டா என்னத்தச் சொல்ல? ஒரு டீச்சர் கண்ணுக்குள்ள ஊத்திட்டேன்னா நம்புவாரா?”

மறுபடி சிரிப்பு. உப்புத் தண்ணீரில் பருப்பு ஏன் வேகாது என்று எனக்குத் தெரியும். வகுப்பில் கேட்டால் பலகையில் எழுதியே காட்டுவேன். அந்தத் தெருவில் நின்றபோது எனக்கு அது எதுவும் சொல்லத் தோன்றவில்லை. எத்தனை வீடு, எத்தனை தட்டு, ஒரு வாரம் முழுக்க எத்தனை பிள்ளைகள் அந்தப் பருப்பை மென்றிருக்கும் என்றுதான் மனசு கணக்குப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது.

இப்போது என் கண்ணில் ஒரு குறையும் இல்லை, கொஞ்சம் வெயில் கூசும், அவ்வளவுதான். ஆனால் ஒரு தெருவே எனக்காக வேகாத பருப்பைச் சாப்பிட்டுவிட்டு, அதைச் சொல்லி விழுந்து விழுந்து சிரித்ததை நினைத்தால் மட்டும் இரண்டு கண்ணும் இன்றைக்கும் நிறைந்துவிடுகின்றன.